டிரீம்காஸ்ட்டுக்கு டயல் டோன் கொடுப்பவர்கள்

ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி. அதில் செருகிய ஒரு யுஎஸ்பி மோடம். மோடத்திலிருந்து கிளம்பும் டெலிபோன் வயர், 1999-இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த செகா டிரீம்காஸ்ட் என்ற கேம் கன்சோலில் போய்ச் சேர்கிறது. கேமைப் போட்டு ஆன்லைன் போகச் சொன்னால், கன்சோல் முதலில் லைனில் டயல் டோன் இருக்கிறதா என்று பார்க்கும். வீட்டில் லேண்ட்லைனே கிடையாது. ஆனால் அந்தக் குட்டிக் கணினி, பதிவுசெய்து வைத்திருக்கும் டயல் டோன் சத்தத்தை மோடம் வழியாக ஓட விடுகிறது. கன்சோல் அதை நம்பி நம்பரை டயல் செய்கிறது. எதிர்முனையில் போனை எடுப்பதும் அதே கணினிதான். இரண்டு மோடமும் கிறீச்சிட்டு ஒன்றையொன்று புரிந்துகொண்ட பிறகு, கணினி வீட்டு பிராட்பேண்டைக் கன்சோலுக்குத் திறந்துவிடுகிறது. செகாவின் சர்வர் எங்கே என்று கன்சோல் பழைய முகவரியைக் கேட்கும். ரசிகர்கள் நடத்தும் சர்வரின் முகவரி பதிலாகக் கிடைக்கும். கன்சோலைப் பொறுத்தவரை இன்னும் 2000-ஆம் ஆண்டுதான் நடந்துகொண்டிருக்கிறது.

டிரீம்பை என்ற இந்த ஏற்பாட்டை 2010-களின் நடுவில் ஒரு ரசிகர் எழுதி இலவசமாகக் கொடுத்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் எவ்வளவு வேகமான ஃபைபர் இணைப்பு இருந்தாலும் கன்சோலுக்குப் போய்ச் சேர்வது விநாடிக்கு 33.6 கிலோபிட் அளவுதான். நடுவில் இருப்பது அந்தக் காலத்து மோடம் ஆயிற்றே. இவ்வளவு பாடுபட்டு இப்படி ஒரு வேகத்தை ஏன் திரும்பக் கொண்டுவர வேண்டும்?

பழைய கேம் மீதான ஏக்கம் என்றால் பெரும்பாலும் படத்தையும் இசையையும்தான் நினைக்கிறோம். அதை விற்பனைச் சரக்காக்குவது எளிது என்று நிண்டெண்டோ 2016-இல் காட்டியது. தன் பழைய கன்சோலின் குட்டி வடிவமாக அந்த நவம்பரில் வந்த என்இஎஸ் கிளாசிக்கில் 30 கேம்கள் உள்ளேயே இருந்தன. அடுத்த ஏப்ரலுக்குள் ஏறத்தாழ 23 லட்சம் விற்றன. சோனி 2018-இல் பிளேஸ்டேஷன் கிளாசிக்கைக் கொண்டுவந்து, சில வாரங்களிலேயே விலையைக் குறைக்க வேண்டியதாயிற்று. செகா 2019-இல் மெகா டிரைவ் மினியை விட்டது. டிவியில் சொருகினால் பழைய ஆட்டம், பழைய இசை. ஆசை தீர்ந்துவிடும்.

டிரீம்காஸ்ட் ரசிகர்களின் ஏக்கம் வேறு வகை. எதிர்முனையில் முன்பின் தெரியாத ஒரு ஆள் இருந்தாரே, அவருக்கான ஏக்கம் அது. அதை டப்பாவில் அடைத்து விற்க முடியாது. அதனால் அவர்களே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கட்ட முடிந்ததற்குக் காரணம், என் கணிப்பில், அந்தக் கன்சோலைக் கவிழ்த்ததாகச் சொல்லப்படும் அதே குறைகள்தான்.

டிரீம்காஸ்ட் வரும்போதே செகாவின் பெயர் கெட்டிருந்தது. மெகா-சிடி, 32எக்ஸ் என்று துணைக்கருவிகளை வாங்க வைத்துச் சீக்கிரமே கைவிட்டது. 1995 மே 11 அன்று ஒரு கேம் கண்காட்சியில், செப்டம்பரில் வருவதாகச் சொல்லியிருந்த சாட்டர்ன் கன்சோல் இன்றே சில கடைகளில் கிடைக்கும் என்று திடீரென அறிவித்தது. விலை 399 டாலர். அதே கண்காட்சியில் சோனி தன் பிளேஸ்டேஷனின் விலையாக 299 என்ற ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கியது. கையில் சரக்கு கிடைக்காத கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள், கேம் தயாரிப்பாளர்களும் ஒதுங்கினார்கள். இந்தப் பள்ளத்திலிருந்து ஏறத்தான் டிரீம்காஸ்ட். 1998 நவம்பர் 27-இல் ஜப்பானில் வந்தது. அமெரிக்காவில் 9-9-99 என்று தேதியையே விளம்பரமாக்கி, 199 டாலருக்கு விற்றார்கள். முதல் 24 மணி நேரத்தில் 2,25,132 கன்சோல்கள் போயின.

அப்புறம் 2000 மார்ச்சில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வந்தது. அதில் டிவிடி படம் பார்க்கலாம். ஸ்போர்ட்ஸ் கேம்களின் பெரும்புள்ளியான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் டிரீம்காஸ்ட் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கடன் கழுத்தைப் பிடிக்க, 2001 ஜனவரி 31-இல் உற்பத்தியை நிறுத்துவதாகச் செகா அறிவித்தது. மொத்தம் விற்றது ஏறத்தாழ 91 லட்சம். பிளேஸ்டேஷன் 2 பின்னாளில் 15 கோடியைத் தாண்டியது.

இந்தக் கதையில் ஒரு மனிதரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. செகாவின் தலைவராக இருந்த இசாவோ ஒகாவா. சிஎஸ்கே என்ற கணினிச் சேவை நிறுவனத்தை உருவாக்கியவர். கேம்களின் எதிர்காலம் இணையத்தில்தான் என்று பிடிவாதமாக நம்பினார். டிரீம்காஸ்ட்டில் மோடத்தைத் தனியாக வாங்க வேண்டியதில்லை. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் 33.6 கிலோபிட், அமெரிக்காவில் 56 கிலோபிட் மோடம் கன்சோலோடு சேர்ந்தே வந்தது. அந்தக் காலத்தில் பல வீடுகளில் இணையமே கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால் இது கொஞ்சம் துணிச்சல்தான். கன்சோலை நிறுத்தும் நேரத்தில் ஒகாவா தன் சொந்தப் பங்குகளை, சுமார் 69.5 கோடி டாலர் மதிப்புள்ளவற்றை, செகாவுக்கே கொடுத்துவிட்டு 2001 மார்ச் 16-இல் காலமானார். முதலாளிகளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அடிக்கடி வாய்ப்புக் கிடைப்பதில்லை. இது ஒன்று.

அவர் கேட்டுச் செய்ய வைத்த கேம்தான் ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன். செகாவின் சோனிக் டீம் என்ற குழு உருவாக்கியது, யூஜி நாகா தலைமையில். ஜப்பானில் 2000 டிசம்பரில், மற்ற இடங்களில் அடுத்த ஓரிரு மாதங்களில் வந்தது. ராகோல் என்ற கிரகத்துக்கு மேலே ஒரு கப்பல். அந்தக் கப்பலின் லாபியில் உலகின் எந்த மூலையிலிருந்தும் வந்தவர்கள் நிற்பார்கள். நான்கு பேர் சேர்ந்து கீழே இறங்கி, காடு, குகை, சுரங்கம், இடிபாடுகள் என்று போய் அரக்கர்களை அடிப்பார்கள். ஆட்டம் என்று பார்த்தால் அவ்வளவுதான். அதே நாலு இடம், அதே அரக்கர்கள், திரும்பத் திரும்ப. இன்றைய அளவுகோலில் சலிப்பூட்டும் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த லாபியில் நடந்தது புதிது. ஒரு ஜப்பானியரும் ஒரு ஜெர்மானியரும் சந்தித்தால் எப்படிப் பேசுவது? கேமுக்குள்ளேயே தயாராக இருந்த சொற்களையும் வாக்கியங்களையும் பொறுக்கி அனுப்பலாம்; ஜப்பானியம், ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் என்ற ஐந்தில் எது எதிராளியின் மொழியோ அதில் அவர் திரையில் தெரியும். "உதவி வேண்டும்", "அந்தக் கதவுக்குப் போவோம்", "நன்றி" போன்றவற்றுக்கு அது போதும். போதாதபோது, வட்டம், கோடு, முக்கோணம் என்று சின்னச் சின்ன வடிவங்களை ஒட்டி முகங்களும் படங்களும் செய்து அனுப்பலாம். எமோஜி எல்லோர் கைக்கும் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு. பிடித்துப்போனவருக்கு கில்டு கார்டு கொடுக்கலாம். அதைக் கட்டுப்பாட்டுக் கருவியில் செருகும் விஎம்யூ என்ற குட்டி மெமரி கார்டில் சேமித்து வைத்துக்கொண்டால், மறுநாள் அவர் எந்த லாபியில் இருக்கிறார் என்று தேடிப் போகலாம்.

இதில் பணம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் உண்டு. நட்பின் நேரத்தையே அதுதான் தீர்மானித்தது. டயல்-அப் என்றால் போன் மீட்டர் ஓடும். ஜப்பானில் இரவு 11 முதல் காலை 8 வரை குறிப்பிட்ட எண்களுக்கு மாதக் கட்டணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளும் திட்டம் இருந்தது. அதனால் அங்கே கூட்டம் சேர்வதே 11 மணிக்கு மேல்தான். ஐரோப்பாவில் உள்ளூர் அழைப்புக்கே நிமிடக் கணக்கு. வீட்டில் யாராவது போனை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும். இப்படி அரிதாகக் கிடைத்த நேரம் என்பதால், வந்தவர்கள் சும்மா கலைந்து போக மனமில்லாமல் இருந்தார்கள். அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் சண்டைகளைவிட லாபியில் வெட்டியாக நின்றதைத்தான் அதிகம் பேசுவார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சரி, எல்லாம் பாலும் தேனுமாக ஓடியதா? இல்லை. கேமின் தகவல்களைக் கன்சோலே வைத்திருந்ததால், ஏமாற்றுக் கருவிகளைப் பயன்படுத்தி அரிய ஆயுதங்களை நகல் எடுத்தார்கள்; இன்னும் மோசமாக, அடுத்தவருடைய சேமிப்பைக் கெடுத்தும் விளையாடினார்கள். பல மாத உழைப்பு ஒரு நொடியில் போயிற்று. தெரியாத ஆளோடு சேர்வதற்குப் பதில், பாஸ்வேர்டு போட்ட அறைகளில் தெரிந்தவர்கள் மட்டும் ஆடும் வழக்கம் வந்தது. நினைவுகளில் இந்தப் பகுதி அவ்வளவாக வருவதில்லை.

இனி, குறைகள் என்று முதலில் சொன்னேனே, அவற்றில் ஒரு ஓட்டைக்கு வருவோம். டிரீம்காஸ்ட்டின் கேம்கள் ஜிடி-ராம் என்ற தனி வகைத் தட்டில் வந்தன. சுமார் 1 ஜிபி கொள்ளும், சாதாரணக் கணினியில் எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. வலுவான பூட்டுதான். ஆனால் மில்-சிடி என்று பாட்டு சிடியில் கொஞ்சம் படமும் காட்சியும் சேர்க்கும் ஒரு திட்டத்தையும் செகா வைத்திருந்தது. அதற்காகக் கன்சோல் சாதாரண சிடியிலிருந்தும் புரோகிராமை ஓட்டும்படி ஒரு வழி விடப்பட்டது. அப்படி வந்த பாட்டு சிடிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வழி மட்டும் திறந்தே கிடந்தது. 2000-ஆம் ஆண்டு நடுவில் அதைக் கண்டுபிடித்த ஒரு குழு தொடக்க சிடி ஒன்றை வெளியிட்டது. கொஞ்ச நாளில் எந்த மாற்றமும் செய்யாத கன்சோலிலேயே நகல் கேம் ஓடத் தொடங்கியது. ஜிடி-ராமில் இருந்ததை 700 எம்பி சிடிக்குள் அடக்க வீடியோவையும் இசையையும் சுருக்கினார்கள். பர்மா பஜார் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பின்னால் தயாரான கன்சோல்களில் செகா வழியை அடைத்தது. அதற்குள் பல லட்சம் பழைய கன்சோல்கள் வீடுகளுக்குப் போயிருந்தன.

டிரீம்காஸ்ட்டைக் கொன்றது இந்தத் திருட்டு நகல்தான் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது மிகை என்றே படுகிறது. கடனும், பழைய கன்சோல்களில் இழந்த நம்பிக்கையும், பிளேஸ்டேஷன் 2-க்காகக் காத்திருந்த கூட்டமும் அதற்கு முன்பே வேலையை முடித்திருந்தன. ஆனால் அதே ஓட்டைதான் பிறகு வாசலானது. யாரிடமும் உரிமம் வாங்காமல், தனிக் கருவி எதுவும் இல்லாமல், தான் எழுதிய புரோகிராமை சிடியில் எழுதிக் கன்சோலில் போட்டுப் பார்க்கலாம் என்றால் எந்தக் கல்லூரி மாணவன் சும்மா இருப்பான்? கல்லிஸ்டிஓஎஸ் என்ற இலவச அடித்தள மென்பொருள் உருவானது. அதன்மேல் ரசிகர்கள் கேம்களை எழுதினார்கள். செகா ஒதுங்கிய பிறகு பல ஆண்டுகள் கழித்து, 2013-இல் ஸ்டுர்ம்விண்ட் என்ற முழு நீளக் கேம் தனியார் வெளியீடாக வந்தது. 2024 டிசம்பரில் ஒரு ரசிகர் குழு கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3-ஐ டிரீம்காஸ்ட்டில் ஓட வைத்துக் காட்டியது. பிளேஸ்டேஷன் 2-க்காக எழுதிய கேம் அது. அந்தக் கன்சோலின் மெமரி 32 எம்பி, டிரீம்காஸ்ட்டின் முதன்மை மெமரி அதில் பாதி.

சர்வர்களின் கதை இதைவிடக் கடினம். கேம் தட்டு உங்கள் கையில் இருக்கிறது; சர்வரில் ஓடிய மென்பொருள் கம்பெனியிடம் இருந்தது, அதை யாரும் வெளியே தரவில்லை. சர்வர்கள் மூடப்பட்டபோது, குவேக் 3 போல, ஆட்டக்காரர்களே கணினியில் சர்வர் நடத்தலாம் என்ற கேம்கள் தப்பித்தன. ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைனின் ஜப்பானியச் சர்வர்கள் 2007 வரை இழுத்தன. மற்றவற்றுக்கு ஒரே வழி: தட்டில் இருக்கும் புரோகிராமைப் பிரித்துப் படித்து, இது சர்வரிடம் என்ன கேட்கிறது, என்ன பதில் வந்தால் அடுத்த படிக்குப் போகும் என்று ஒவ்வொன்றாக ஊகிப்பது. தவறான பதில் கொடுத்தால் கன்சோல் உறைந்து நிற்கும். மறுபடி முதலிலிருந்து. பேசுபவர்களில் ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து மற்றவர் பேச்சை எழுதுகிற வேலை இது. பல மாத வேலையின் முடிவில் கிடைப்பது, சிலர் மட்டுமே ஆட வருகிற ஒரு கார் பந்தயம். இப்படித்தான் டாய் ரேசர், சூசூ ராக்கெட், டேடோனா யுஎஸ்ஏ, ஏலியன் ஃப்ரன்ட் ஆன்லைன் என்று ஒவ்வொன்றாக 2010-களில் திரும்பி வந்தன. கடைசியாகச் சொன்னதில் மைக்கில் எதிரியோடு பேசவும் முடியும்.

இந்த வேலையைச் செய்கிறவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை ஒரு கலைஞருக்குக் கிடைப்பது மாதிரி. சம்பளம் கிடையாது. சர்வரை நடத்துபவருக்குச் சலிப்பு வந்தால், அல்லது இரண்டு பேருக்குள் மனத்தாங்கல் வந்தால், சர்வரும் போய்விடக்கூடும். கம்பெனி மூடியதைத் திறந்தவர்களும் மூடக்கூடியவர்கள்தான் என்பதைச் சமூகத்தில் எல்லோரும் அறிவார்கள்; அவ்வளவாகப் பேசுவதில்லை.

கூட்டத்தை மட்டும் யாராலும் எழுதி உருவாக்க முடியவில்லை. 2001-இல் எந்த இரவில் நுழைந்தாலும் லாபியில் ஆள் இருப்பார்கள். இப்போது தற்செயலாகப் போனால் பெரும்பாலும் காலி. அதனால் வாரச் சந்தை மாதிரி நாள் குறித்துக் கூடுகிறார்கள்: இந்தக் கிழமை இந்தக் கேம், இத்தனை மணிக்கு. அதற்கான அழைப்பு, யார் வருகிறார்கள் என்ற கணக்கு எல்லாம் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் நடக்கிறது. ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்வதால், முன்பின் தெரியாதவர் என்ற அந்த மூலச்சரக்கு இதில் குறைவு. ஏங்கியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. ஆனால் கிடைத்தது மோசமில்லை.

கன்சோலைப் பிழைக்க வைப்பதும் இந்தச் சமூகத்தின் அன்றாடப் பேச்சு. ஆடும்போது தானாக ரீசெட் ஆனால் பவர் சப்ளையின் ஊசிகளை ஸ்பிரிட் போட்டுத் துடை. கன்ட்ரோலர் எதுவுமே வேலை செய்யவில்லையா, எஃப்1 என்ற சின்ன ஃபியூஸைப் பார். கடிகார பேட்டரி செத்துவிட்டதால்தான் ஒவ்வொரு முறையும் தேதி கேட்கிறது. அதைப் பற்றவைத்து வைத்திருப்பதால் மாற்றச் சால்டரிங் தெரிய வேண்டும். தட்டைப் படிக்கும் லேசர் தேய்ந்தால் டிரைவையே கழற்றிவிட்டு எஸ்டி கார்டில் கேம்களைப் போடும் பலகையை மாட்டலாம். மாட்டலாமா கூடாதா என்பதில் ஓயாத சண்டை. தட்டு சுழலும் அந்தக் கரகர சத்தம் இல்லாமல் அது டிரீம்காஸ்ட்டே இல்லை என்பது ஒரு கட்சி. லேசர் முழுக்கச் சாகும்வரை காத்திருப்பீர்களா என்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது கட்சிதான் சரி.

நம்மூரில் அந்த வயதுக்காரர்களுக்குப் பழைய கேம் என்றால் பெரும்பாலும் கேசட் போடும் 'டிவி கேம்'தான். நிண்டெண்டோவின் கன்சோலைப் பார்த்துச் செய்த மலிவு நகல்கள். டிரீம்காஸ்ட்டைக் கையில் தொட்டவர்கள் இங்கே மிகக் குறைவு. இருந்தும் யூடியூபில் பார்த்தே அதன்மேல் ஆசைகொள்ளும் இளைஞர்கள் எங்கும் உண்டு. தான் வாழாத காலத்துக்கான ஏக்கம் போலி என்று சொல்வது எளிது. ஆனால் அவர்கள் கேட்பது 1999 அல்ல என்று நினைக்கிறேன். தரவரிசையும் சீசன் பாஸும் தினசரிப் பரிசும் இல்லாமல், ஒரு இடத்தில் சும்மா நின்று பேச முடிகிற கேம் அவர்களுக்கு வேண்டும்.

சட்டம் இவர்கள் பக்கம் பெரிதாக இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கவே கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஓர் ஆய்வில் காட்டியது. அவற்றை நூலகங்கள் ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்தே பார்க்கக் கொடுக்க அனுமதி கேட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. நிண்டெண்டோ இன்னும் கறார்: அதன் ஸ்விட்ச் கன்சோலின் கேம்களைக் கணினியில் ஓட்டிய யூசு என்ற மென்பொருளின் தயாரிப்பாளர்கள் 2024-இல் 24 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டு கடையைக் கட்டினார்கள். செகா கன்சோல் தொழிலை விட்டுவிட்டதால் அதற்குக் காக்கப் பெரிதாக எதுவும் இல்லை. ரசிகர்களிடம் அதன் போக்கும் தளர்வானது. 2017-இல் வந்த சோனிக் மேனியா என்ற கேமை ரசிகர் கேம்கள் செய்து பழகியவர்களை வைத்தே உருவாக்கியது.

டிரீம்காஸ்ட்டுக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. கேமின் பெரும்பகுதி தட்டிலேயே இருந்தது. சர்வரின் வேலை ஆட்களைச் சேர்த்து வைப்பது. இன்றைய கேம்கள் பலவற்றில் நிலைமை தலைகீழ். யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-இல் தி க்ரூ என்ற கார் கேமின் சர்வர்களை மூடியபோது, தனியாக ஆடுவதும் சேர்ந்தே நின்றுபோனது. பணம் கொடுத்து வாங்கியவர்களின் தட்டு வெறும் பிளாஸ்டிக் ஆயிற்று. அதிலிருந்துதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் கிளம்பியது. விற்ற கேமை நிறுத்தும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுப்போக வேண்டும் என்ற அதன் ஐரோப்பிய மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சம் கையெழுத்துகள் சேர்ந்தன. அந்த மனு ஒருபுறம் நகர, தி க்ரூவின் ரசிகர் குழு ஒன்று காத்திருக்கவில்லை. டிரீம்காஸ்ட்காரர்கள் செய்ததைப் போலவே, கேமைப் பிரித்துப் படித்துத் தாங்களே ஒரு சர்வரை எழுதி, அதே 2025-இல் வெளியிட்டார்கள்.